குரங்குக்கும் கிட்னில கட்டி வருமுங்களா? – கால்நடை டாக்டர் பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் மாடு, ஆட்டை விட குரங்கைப் பத்தித்தான் எச்சா கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு அம்மணி போட்ட கடுதாசிதான், அதனால அதையே மொதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி (மலையடிவாரத்துல பூக்கடை வெச்சிருக்கற வாசகி, உடுமலைப் பக்கம்): டாக்டருங்க, எங்க கடைக்கு எதுத்தாப்புல அரசமரத்துல ஒரு கெழட்டுப் பொட்டைக் குரங்கு இருந்துச்சுங்க, ஒரு கையில வெரல் இருக்காது, மொட்டைக்கைன்னு கூப்புடுவோம், கூப்புட்டா திரும்பிப் பாக்கும். ஆறேழு மாசமா வயிறு ஒரு பக்கமா பொடைச்சுட்டே வந்துச்சு, மத்த உடம்பெல்லாம் எலும்பும் தோலுமா ஆயிருச்சுங்க. மாசமா இருக்குதுன்னு நெனச்சு வாழப்பழம், முறுக்கு, போண்டான்னு கையில இருந்ததெல்லாம் போட்டேன். போன அமாவாசைக்கு செத்துப் போச்சுங்க. பாரஸ்ட்காரங்க எடுத்துட்டுப் போயி அறுத்துப் பாத்ததுல எடது கிட்னில சாத்துக்குடி அளவுக்கு கட்டி இருந்துச்சாம். குரங்குக்கு கேன்சர் வருமுங்களா? நாம் போட்ட தீனியாலதான் வந்துச்சா? ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குதுங்க.

பதில்: மொதல்ல வெசனப்படாதீங்க அம்மணி. உங்க முறுக்கு அந்தக் கட்டியை உண்டாக்கல. முறுக்கு தின்னு குரங்குக்கு கிட்னில கட்டி வந்துச்சுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல, அந்தப் பாரத்தை நீங்க எறக்கி வெச்சுருங்க.

குரங்குக்கு கேன்சர் வருமான்னு கேட்டா, வரும். மனுசனுக்கு வர்ற மாதிரியேதான் வரும். நம்ம கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிகட்டி மூத்திரமா மாத்தற மெல்லிசு மெல்லிசான கொழாய்ங்க லட்சக்கணக்குல இருக்குதுல்ல, குரங்குக்கும் அதே ஏற்பாடுதான், உள்ள கூம்பு மாதிரி இருக்கற பாகம் நமக்கு ஒரு கிட்னில ஏழெட்டு இருக்கும், நம்மூர் நாட்டுக் குரங்கு வகையறாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கொழாயோட உள்சுவத்துல இருக்கற செல்லு ஒண்ணு வயசாக வயசாக கெட்டுப் போயி, நிறுத்தச் சொன்னாலும் நிக்காம பெருகிக்கிட்டே போச்சுன்னா அதுதான் கட்டி. சின்னதா, எல்லை கட்டுன மாதிரி ஒரே எடத்துல உக்காந்திருந்தா அது அடினோமா, சாதுவான கட்டி. பக்கத்துல இருக்கற சதையைத் தின்னுட்டு, ரத்தக் கொழாய்க்குள்ள பூந்து நுரையீரலுக்குப் போறது கார்சினோமா, அதுதான் கேன்சர். வடநாட்டுல இருக்கற ரீசஸ் குரங்கு, நண்டு திங்கற குரங்கு, ஆப்பிரிக்கா பபூன், தென் அமெரிக்காவுல இருக்கற சின்னஞ்சிறு குரங்குங்கன்னு பல ஜாதியிலயும் இது பதிவாயிருக்குது.

குட்டிக் குரங்குகளுக்கு வர்ற இன்னொரு வகை இருக்குதுங்க. கரு வயித்துல இருக்கும்போது கிட்னி உருவாக ஒரு மூலச்சதை இருக்கும், பொறந்ததுக்கப்புறம் அது இருக்கக்கூடாது, சிலதுக்கு அது மிச்சமாகி கட்டியா வளந்துரும். நெப்ரோபிளாஸ்டோமான்னு பேரு. மனுசக் கொழந்தைங்களுக்கு வர்றதும் இதேதான், மேக்ஸ் வில்ம்ஸ்ங்கற ஜெர்மன் சர்ஜன் 1899ல விவரமா எழுதுனதால வில்ம்ஸ் கட்டின்னும் சொல்லுவாங்க. உங்க மொட்டைக்கை கெழவிங்கறதால அதுக்கு வந்தது அனேகமா மொத வகையாத்தான் இருக்கும், ஆனா மைக்ராஸ்கோப்புல பாத்து சொன்னாத்தான் உறுதி.

குரங்குக்கு வர்ற கட்டியிலயே கிட்னிக் கட்டி அபூர்வம்தாங்க. வயசான ரீசஸ் குரங்குக்கு எச்சா வர்றது பெருங்குடல்ல. கிட்னிக் கட்டி பெரும்பாலும் வேற எதுக்கோ செத்த குரங்கை அறுக்கும்போது எதேச்சையா கண்ணுல படும். காட்டுல 15, 20 வருசம் தாட்டுனாலே பெரிய விசயம், அதுக்குள்ள சிறுத்தையோ, கரண்ட்டுக் கம்பியோ, ரோட்டுல வர்ற லாரியோ கொண்டு போயிரும். கூண்டுல சோறு போட்டு வெச்சா 30 வருசம் கூட இருக்கும், அங்க செத்ததையெல்லாம் அறுத்துப் பாக்கறாங்க, அதனால இந்த விவரமெல்லாம் பெரும்பாலும் கூண்டுக் குரங்கு வழியாத்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. உங்க ஊர் பாரஸ்ட்காரங்க ஒரு கோயில் குரங்கை அறுத்துப் பாக்க வெச்சது பெரிய காரியம், அவங்களைப் பாத்தா நாஞ் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

மாசமா இருக்குதுன்னு நெனச்சேன்னு எழுதியிருக்கீங்க. நாட்டுக் குரங்கு வயித்துல குட்டியை அஞ்சு, அஞ்சரை மாசம்தான் வெச்சிருக்கும். ஆறேழு மாசமா வயிறு பெருசாயிட்டே போகுது, குட்டியும் போடல, முதுகெலும்பு துருத்திட்டு தெரியுதுன்னா அது கர்ப்பம் இல்ல, சீக்கு. இதை மனசுல வெச்சுக்கங்க, அந்த மரத்துல இன்னும் பத்திருபது இருக்குதில்லீங்களா.

தீனி விசயத்துல மட்டும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். போண்டா, பிஸ்கட், கலர்த் தண்ணி குடிச்சு குரங்குங்க கொழுத்துப் போனா அதுகளுக்கும் நம்மளாட்டமே சுகர் வருது, இது நல்லாத் தெரிஞ்ச சங்கதி. சுகர் வந்தா கிட்னியும் கெடும். பூசணம் புடிச்ச நெலக்கடலையை ‘குரங்குக்குத்தானே’ன்னு கொட்டறாங்க, அதுல இருக்கற அஃப்ளாடாக்சின் விசம் குரங்குக்கு ஈரல்ல கேன்சரே கொண்டு வரும். பாசத்துல போடறீங்கன்னு எனக்குத் தெரியும். கையில குடுத்துப் பழக்காதீங்க, அதுக்கு அத்தியும், ஆலம்பழமும், கொழுந்தும், பூச்சியும் மலையிலயே கெடக்குது.

கேள்வி (காலேஜ்ல படிக்கற தம்பி, பொள்ளாச்சி): உயிரோட இருக்கும்போதே கண்டுபுடிச்சு ஆபரேசன் பண்ண முடியாதா சார்? மனுசனுக்கு ஒரு கிட்னியை எடுத்தாலும் நல்லாத்தானே இருக்காங்க?

பதில்: நல்ல கேள்வி தம்பி. குரங்குக்கும் ஒரு கிட்னி போதும், கூண்டுல இருக்கற குரங்குக்கு கட்டி வந்த கிட்னியை எடுக்கறது முடியாத காரியமில்ல. ஆனா நாம சீக்கிரம் கண்டுபுடிக்கறதுலதான் சிக்கல் இருக்குது.

குரங்கு சீக்கை மறைக்கும். கூட்டத்துல யாரு சோந்து போயிருக்காங்கன்னு மத்ததுக்குத் தெரிஞ்சா எடம் போயிரும், தீனி போயிரும், அதனால கடைசி வாரம் வரைக்கும் மரம் ஏறிட்டுத்தான் இருக்கும், நாம பாக்கும்போது எல்லாமே முத்திப் போயிருக்கும். மனுசனுக்கு மூத்திரத்துல ரத்தம் போனா பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடறோம். மரத்து மேல இருக்கற குரங்குக்கு ரத்தம் போறதை யாரு பாப்பா? அப்படியே ஒரு சொட்டு செவப்பா பாத்தாலும் பொட்டைக் குரங்குக்கு நம்ம பொம்பளைங்க மாதிரியே மாசாமாசம் தீட்டு உண்டு, அதுவான்னு கூட சொல்ல முடியாது.

ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணலாமேன்னு கேப்ப. கிரியாட்டினின்னு ரத்தத்துல இருக்கற ஒரு கழிவைப் பாப்போம், ஆனா ரெண்டு கிட்னியும் சேந்து முக்கால்வாசி வேலையை விட்டாத்தான் அது ஏறும். ஒரு கிட்னில கட்டி முழுசா உக்காந்திருந்தாலும் இன்னொண்ணு சத்தமில்லாம ரெண்டு பேரு வேலையையும் பாத்துக்கும், ரிப்போர்ட்டு நார்மல்னு வரும். அதனால வயித்தை ஸ்கேன் பண்ணணும், அதுக்கு குரங்கை மயக்கணும், மயக்கணும்னா ஊசித் துப்பாக்கில சுடணும், மரத்து மேல இருக்கறப்போ சுட்டா மயங்கி கீழ விழுந்து முதுகு ஒடிஞ்சுரும், கூண்டு வெச்சுப் புடிக்கணும், அதுக்கு வனத்துறை அனுமதி வேணும். எல்லாம் செஞ்சு, ஆபரேசனும் பண்ணி, தையல் ஆற ரெண்டு மூணு வாரம் தனியா வெச்சு திரும்ப விட்டா, அதோட கூட்டமே அதைக் கடிச்சு வெரட்டுனாலும் வெரட்டும். நாஞ் சர்வீஸ்ல இருந்தப்போ புண்ணுக்கு மருந்து போட்டு பத்து நாள் வெச்சிருந்த ஒரு கடுவனை அதோட கூட்டத்துல விட்டோம், அது பட்ட அடியை நெனச்சா இன்னிக்கும் மனசு கனக்குது. அதனால காட்டுக் குரங்குக்கு இது நடைமுறையில செய்யற வைத்தியம் இல்லீங்க தம்பி. ஜூவுல இருக்கறதுக்கு வருசத்துக்கு ஒருக்கா மயக்கி வயித்து ஸ்கேன் பண்ணணும்னு நாஞ் சொல்லிக்கிட்டே இருக்கேன், அங்க அது முடியும், அங்க அதைச் செய்யாம விடறது தப்பு.

கேள்வி (எஸ்டேட்ல வேலை பாக்கறவர், வால்பாறை): எங்க லைன் வீட்டுக்கு மேல இருக்கற கருமந்தி எல்லாத்துக்குமே வயிறு பொதபொதன்னு இருக்குது. நாட்டுக் குரங்கு சிலதுக்கு கழுத்துகிட்ட ரெண்டு பக்கமும் கட்டி. இதெல்லாம் கேன்சருங்களா?

பதில்: இல்லீங்க, ரெண்டுமே அதுகளுக்கு ஆண்டவன் குடுத்த அமைப்பு. கருமந்தி இலை திங்கற ஜாதி, மாட்டுக்கு இருக்கற மாதிரி வயிறு அறை அறையா இருக்கும், முத்துன எலையைக்கூட உள்ள ஊற வெச்சு நொதிக்க விட்டுத்தான் ஜீரணம் பண்ணும், அதனால வயிறு எப்பவும் பெருசாத்தான் தெரியும். நாட்டுக் குரங்குக்கும் சோலைமந்திக்கும் (சிங்கவால் குரங்கு) கன்னத்துக்குள்ள பை இருக்குது. கெடைச்சதை அவசர அவசரமா அதுல அடைச்சுட்டு ஓடிப் போயி, நிம்மதியா ஒரு கெளையில உக்காந்து, பொறங்கையில கன்னத்தை அமுக்கி அமுக்கி எடுத்துத் திங்கும். கருமந்திக்கு அந்தப் பை கெடையாது. காலையில பொடைச்சிருந்தது பொழுதோட வத்திப் போச்சுன்னா அது தீனி, கட்டி இல்ல. ஒரு வாரம் பாத்தும் ஒரே எடத்துல அப்படியே இருக்குது, இல்லாட்டி தொடை, வயித்துத் தோலுக்கு அடியில உருண்டையா இருக்குதுன்னா ரேஞ்சர் ஆபீஸ்ல சொல்லுங்க. அதுவும் கேன்சராத்தான் இருக்கணும்னு இல்ல, நாய் வயித்துல இருக்கற நாடாப்புழுவோட முட்டை தின்ன குரங்குக்கு நீர்க்கட்டி மாதிரி வர்றதுண்டு. லைன் வீட்டு நாய்ங்களுக்கு பூச்சி மருந்து குடுத்தா குரங்குக்கும் நல்லது, உங்க கொழந்தைங்களுக்கும் நல்லது.

கேள்வி (ரெண்டு கொழந்தைங்களோட அம்மா, திருப்பூர்): கேன்சர் வந்த குரங்கு கடிச்சா நமக்கும் கேன்சர் ஒட்டுமுங்களா?

பதில்: ஒட்டாது தாயி. அந்தக் கட்டி அந்தக் குரங்கோட சொந்தச் செல்லு, உங்க உடம்புக்குள்ள வந்தா உங்க ரத்தமே அதை அடிச்சுப் போட்டுரும். பயப்பட வேண்டியது ரேபிஸுக்கு, அதான் வெறிநாய்க்கடி நோய். குரங்கு கடிச்சாலோ பெறாண்டுனாலோ சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள், மொளகாப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க. குரங்குகிட்ட இருந்து வர்ற ஹெர்ப்பிஸ் பி வைரஸும் இருக்குது, மனுசனுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், வந்தா மூளையைப் பாதிக்கும், அதனால கடிச்சது குரங்குன்னு டாக்டர்கிட்ட தெளிவாச் சொல்லிருங்க. நம்மகிட்ட இருந்து அதுக்குப் போறதும் உண்டு, டிபி நம்ம இருமல்லேருந்து குரங்குக்கு சுலபமா தொத்தும், சாமி கும்பிடப் போற எடத்துல எச்சி பண்டத்தைக் குரங்குக்குப் போடாதீங்க.

கேள்வி (ரிட்டயர்டு வாத்தியார், ஈரோடு): போலியோ மருந்தெல்லாம் குரங்கு கிட்னில இருந்து செய்யறாங்க, அதுல கேன்சர் வைரஸ் இருக்குதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, நெசமாங்க?

பதில்: வாத்தியாரையா, பாதி நெசம், மீதி பயமுறுத்தல். நெசத்தை முழுசாச் சொல்லிடறேன்.

1955ல அமெரிக்காவுல போலியோ ஊசி வந்தப்போ, போலியோ வைரஸை வளக்க ரீசஸ் குரங்கோட கிட்னிச் செல்லைத்தான் பயன்படுத்துனாங்க. அந்தக் குரங்குங்க பெரும்பாலும் நம்ம நாட்டு வடக்குப் பக்கத்துலேருந்து கப்பல்லயும் பிளைட்லயும் ஆயிரக்கணக்குல போனதுதான், நம்ம கொங்குல இருக்கற நாட்டுக் குரங்கு வேற ஜாதி. பெர்னிஸ் எடிங்கற விஞ்ஞானி, நல்ல மனசும் தைரியமும் உள்ள அம்மா, குரங்கு கிட்னிச் செல்லை அரைச்சு எலி மாதிரி இருக்கற ஹேம்ஸ்டருக்கு ஊசியில ஏத்துனாங்க, அதுகளுக்குக் கட்டி வந்துச்சு. மேலதிகாரிங்க அவங்க சொன்னதைக் காதுலயே வாங்கல. 1960ல வேற ஒரு குழு அந்தச் செல்லுல ஒளிஞ்சிருந்து ஊசி மருந்துலயும் கலந்த வேற ஒரு வைரஸைப் புடிச்சுது, எஸ்வி40ன்னு பேரு. ரீசஸ் குரங்கு கிட்னில அது ஒரு தொந்தரவும் பண்ணாம வாழ்க்கை முழுக்க குடியிருக்கும். எதிர்ப்பு சக்தி செத்துப் போன குரங்குக்கு மட்டும் அது முழிச்சுக்கிட்டு கிட்னியையும் மூளையையும் கெடுக்கும். 1963லேருந்து அந்த வைரஸ் இல்லாத செல்லுல மருந்து செஞ்சாங்க. அதுக்கு முந்தி ஊசி போட்டவங்களைப் பல வருசம் கவனிச்சுப் பாத்ததுல, அதனால கேன்சர் கூடுச்சுன்னு காட்டற உறுதியான ஆதாரம் இல்ல. அதனால பேரப்புள்ளைக்கு போலியோ சொட்டு மருந்து குடுக்காம விட்டுராதீங்க, போலியோல காலு சூம்பிப் போனவங்களை உங்க க்ளாஸ்லயே நீங்க பாத்திருப்பீங்க.

இந்தியாவுலேருந்து குரங்கு ஏத்துமதி 1978ல நின்னுது, மொரார்ஜி தேசாய் பிரதமரா இருந்தப்போ. அதுக்கு முந்தியே 1962ல ஜப்பான்ல சிபா பல்கலைக்கழகத்துல ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒண்ணோட கிட்னிலேருந்து செல் எடுத்து வளத்தாங்க, அது சாகவே இல்ல, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா பெருகிட்டே இருக்குது. எஸ்பெராண்டோங்கற செயற்கை மொழில ‘பச்சைக் கிட்னி’ங்கற வார்த்தையைச் சுருக்கி வெரோன்னு பேரு வெச்சாங்க. ஒரே ஒரு குரங்கு கிட்னியால எத்தனையோ ஆயிரம் குரங்கு உசிரு பொழைச்சுது பாருங்க. அந்த வெரோ செல்லையும் கணக்கில்லாம பெருக்கிக்கிட்டே போனா கட்டிச் செல்லு குணம் வந்துரும், அதனால இத்தனையாவது தலைமுறைக்கு மேல மருந்துக்கு எடுக்கக்கூடாதுன்னு கண்டிப்பு வெச்சிருக்காங்க. நம்ம மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுனா குன்னூர்ல 1907லேருந்து இருக்கற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வெறிநாய்க்கடி ஊசியை இந்த வெரோ செல்லுல செஞ்சாங்க. உங்க காலத்துல தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போட்டாங்களே, அது ஆட்டு மூளைல செஞ்சது, வலி மட்டுமில்ல, சிலருக்கு அதனாலயே வாதம் வந்துச்சு. அந்தக் கொடுமைலேருந்து நம்மளை விடுவிச்ச மருந்துல ஒண்ணு ஒரு குரங்கோட கிட்னிலேருந்து வந்ததுங்க.

கேள்வி (விவசாயி, கடவூர்): தேவாங்குக்கும் இந்த மாதிரி கட்டி வருமா?

பதில்: வருமுங்க, அதுவும் குரங்குக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான். உங்க பக்கத்துக் காட்டை 2022ல தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்களே, கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 11,806 ஹெக்டேர், நாட்டுலயே தேவாங்குக்குன்னு மொத சரணாலயம். ரோட்டோரத்துல செத்துக் கெடந்தா தொடாம வனத்துறைக்கு போன் போடுங்க. மாந்திரீகத்துக்குன்னு யாராவது கேட்டு வந்தா அதுக்கும் போன் போடுங்க.

கேள்வி (ஊர்க் கோயில் கமிட்டில இருக்கறவர், அந்தியூர்ப் பக்கம்): எங்க ஊர்ல குரங்கு செத்தா ஆஞ்சநேயரா நெனச்சு, மால போட்டு, தப்பு அடிச்சு, மஞ்சத்துணி சுத்தி அடக்கம் பண்ணுவோங்க. அறுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க. மனசு ஒப்பலீங்க.

பதில்: ஐயா, உங்க மனசு எனக்குப் புரியுது. நானும் அதே மண்ணுல பொறந்தவன், சின்ன வயசுல அந்த மாதிரி அடக்கத்துல பால் ஊத்துனவன். அதுக்கப்புறம் முப்பது வருசம் கத்தி புடிச்சிருக்கேன், ரெண்டையும் சேத்துத்தான் சொல்றேன், அறுக்க விடுங்க.

நாட்டுக் குரங்கு எதனால சாகுதுன்னு நம்மகிட்ட கணக்கு இல்லாததுக்குக் காரணமே நாம புதைச்சுடறதுதான். ஒரு ஊர்ல வரிசையா நாலு குரங்கு செத்தா அது விசமா, ரேபிஸா, டிபியா, இல்ல அந்த அம்மணி கடைக்கு எதுத்தாப்புல மரத்துல இருந்த மாதிரி ஒண்ணுக்கு மட்டும் வந்த கட்டியான்னு உள்ள பாத்தாத்தான் தெரியும். விசம்னா யாரோ வெச்சிருக்காங்க, மீதி குரங்கையாவது காப்பாத்தலாம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உசிரு, 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, வனத்துறைக்குச் சொல்லாம நாமளா எடுத்து அடக்கம் பண்றதும் கூடாது.

சொல்லும்போது சீக்கிரம் சொல்லுங்க. நெழல்ல போட்டு, ஈரச்சாக்கு மூடி, முடிஞ்சா பக்கத்துல ஐஸ் வெச்சு வையுங்க. ஆனா ஃபிரீசர்ல வெச்சு ஒறைய விட்டுராதீங்க, இது ரொம்ப முக்கியம். ஒருக்கா ஒரு எடத்துல நல்லெண்ணத்துல மீன் வெக்கற பெட்டில ரெண்டு நாள் வெச்சுட்டு என்னைக் கூப்புட்டாங்க, கிட்னில கண்ணுக்கு நல்லாவே தெரியற ஒரு கட்டி, மஞ்சளும் செவப்புமா, நடுவுல அழுகிப் போயி. மைக்ராஸ்கோப்புல பாத்தா செல்லெல்லாம் ஐஸ்ல வெடிச்சு கூழாயிருச்சு, அது சாதுக் கட்டியா, கேன்சரான்னு கடைசி வரைக்கும் சொல்ல முடியல. கிட்னில கட்டி இருந்தா டாக்டர் அதுல ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல போகாம துண்டு எடுத்து, அதைப் போல பத்து மடங்கு ஃபார்மலின்ல (சதை கெடாம வெக்கற மருந்துத் தண்ணி) போட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி நோய்க்கூறு பாக்கற எடத்துக்கு அனுப்புவாரு. நுரையீரல், ஈரல்லயும் ஒரு துண்டு எடுக்கச் சொல்லுங்க, பரவியிருக்குதான்னு அதுல தெரியும். இன்னொரு கிட்னியையும் விட்டுரக்கூடாது.

இதெல்லாம் முடிய ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க. டாக்டர் வயித்தைத் தையல் போட்டுத்தான் மூடுவாரு. வனத்துறை ஆளுங்க முன்னாலதான் எரிக்கறதோ புதைக்கறதோ நடக்கும், ரேபிஸ் சந்தேகம் இல்லாட்டி அந்த எடத்துல நீங்க நின்னு பூப்போட அனுமதி கேளுங்க, நாங் கேட்டு யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. கையுறை போடாம தொடாதீங்க, கொழந்தைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஆறடி ஆழம் தோண்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாத மாதிரி மேல கல்லு அடுக்குங்க. மஞ்சத்துணியும் மாலையும் அதுக்கு மேல வையுங்க, பாலும் ஊத்துங்க.